தனியா போட்ட பீர்

போன இதழில் ஐ.பி.ஏ. என்ற பீர் வகையின் கசப்பைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த மாதத் தபாலில் பாதிக்கு மேல் பீர்க் கேள்விகள்தான். சமையல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். புளியோதரை எங்கேயும் ஓடிவிடாது.

கேள்வி: மேடம், மகளின் பிறந்தநாளுக்கு ஒரு செயின் ரெஸ்டாரன்ட்டுக்குப் போயிருந்தோம். பிட்சா, பர்கர், பாஸ்தா என்று எல்லாம் விற்கும் இடம். பீர் பட்டியலில் அடியில் 'கோஸா' என்று ஒன்று இருந்தது. கேள்விப்படாத பெயராக இருக்கிறதே என்று அதையே வாங்கினேன். ஒரு வாய் குடித்தால் புளிப்பு, அதன் பின்னாலேயே உப்பு, மூக்கில் தனியா வாசனை வேறு. கிளாஸைச் சரியாகக் கழுவவில்லையோ என்று சர்வரைக் கூப்பிட்டேன். "அது அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தார். ஏமாற்றுகிறார்களா? ஆனால் இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். – ஆர்., ஃப்ரீமாண்ட்

பதில்: இன்னொரு கிளாஸ் வாங்கினீர்கள் அல்லவா, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. சர்வர் சொன்னது உண்மை. உப்பும் தனியாவும் தெரியாமல் விழுந்தவை அல்ல, எடை பார்த்துப் போட்டவை. புளிப்பு இன்னும் சுவாரசியம், அது என் பழைய தொழில். தயிர் தயாரிக்கும் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பல வருடம் நான் மேய்த்தது லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவை. பாலைத் தயிராக்கும் அந்தக் கூட்டத்தின் உறவுக்காரர்கள்தான் உங்கள் கிளாஸிலும் வேலை பார்த்திருக்கிறார்கள். இரண்டிலும் இருப்பது ஒரே லாக்டிக் அமிலம். அதனால்தான் நாக்கு திடுக்கிட்டாலும் உள்ளுக்குள் ஏதோ பழக்கப்பட்ட சுவையாகத் தெரிந்திருக்கும். வெயிலில் வந்தவருக்கு உப்பும் கொத்தமல்லியும் தட்டிப் போட்டுக் கொடுக்கும் நீர்மோருக்கு, சாராயக் கடைப் பக்கம் போய்விட்ட ஒரு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஜெர்மனி. ஹார்ஸ் மலையடிவாரத்தில் கோஸ்லார் என்ற பழைய சுரங்க நகரம், அதன் வழியே ஓடும் கோஸா ஆறு, பீருக்கும் அதே பெயர். பிறந்தது அங்கே என்றாலும் பேரும் புகழும் கிடைத்தது லைப்சிக் நகரத்தில். 1900 வாக்கில் அங்கே கோஸாவுக்கென்றே எண்பதுக்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. நீளக் கழுத்துப் புட்டியில் ஊற்றி, மூடி போடாமல் வைப்பார்கள். உள்ளே நொதித்துக்கொண்டிருக்கும் ஈஸ்ட் மேலே ஏறி, கழுத்தில் படிந்து, தானே அடைப்பாகிவிடும். தக்கை வாங்கும் செலவு மிச்சம்.

அந்த ஊரில் 'ஓனே பெடென்கன்' என்றொரு கோஸாக் கடை உண்டு. 1899-இல் திறந்தது. "இதைக் குடிக்கலாமா?" என்று வாடிக்கையாளர் சந்தேகமாகக் கேட்டால், "யோசிக்காமல் குடிக்கலாம்" என்பாராம் பரிமாறுகிறவர். அந்தப் பதிலே கடைக்குப் பெயராக நின்றுவிட்டது என்று கதை. உங்கள் ஃப்ரீமாண்ட் சர்வர் நல்ல பரம்பரையில்தான் வருகிறார்.

பிறகு உலகப்போர், கிழக்கு ஜெர்மனி அரசு, ஆலைகள் பறிமுதல் என்று ஒவ்வொன்றாக அடங்கி, 1966-இல் கோஸா காய்ச்சுவதே நின்றுபோனது. அந்தக் கடையை 1986-இல் மறுபடி திறந்த லோத்தர் கோல்ட்ஹான் என்பவர், பழைய கோஸாவைக் குடித்துப் பழகியவர்களிடம் சுவையைக் கேட்டுக் கேட்டுக் கிழக்கு பெர்லினில் ஓர் ஆலையில் காய்ச்ச வைத்தார். இப்போது லைப்சிக்கின் பழைய பவேரிய ரயில் நிலையத்துக்குள்ளேயே ஓர் ஆலை இருக்கிறது, 2000-லிருந்து. பீரில் பார்லி, கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்று 1516-இல் பவேரியா போட்ட சட்டத்தை ஜெர்மனியில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். உப்பும் தனியாவும் போட்ட கோஸாவை மட்டும் அந்த வட்டாரத்துப் பழஞ்சரக்கு என்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

அது எப்படி உங்கள் பிட்சாக் கடைக்கு வந்தது? புளிப்பு பீர் என்றால் முன்பெல்லாம் பெரிய ஆலைகளுக்குப் பயம். பாக்டீரியா குழாய்க்குள் புகுந்துவிட்டால் மற்ற பீரையும் கெடுக்கும். இப்போது சுலப வழி ஒன்று பிடித்துவிட்டார்கள். காய்ச்சும் கொப்பரையிலேயே மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றை வெதுவெதுப்பாக வைத்து, பாக்டீரியாவை விட்டு, ஓரிரு நாளில் வேண்டிய புளிப்பு வந்ததும் கொதிக்க வைத்துவிடுவது. பாக்டீரியா செத்துவிடும், புளிப்பு நிற்கும். அதற்கு அப்புறம்தான் ஈஸ்ட். இந்த முறை பரவிய பிறகு அமெரிக்காவில் கோஸா காய்ச்சாத சின்ன ஆலையே இல்லை என்கிற அளவுக்குப் போனது. நம் கலிஃபோர்னியாவின் பூன்வில்லில் இருக்கும் ஆண்டர்சன் வேலி 2014-இல் அதை டின்னில் அடைத்தது. டெலவேரின் டாக்ஃபிஷ் ஹெட் 2016-இல் 'சீக்வென்ச்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கோஸாவையும் வேறு இரண்டு ஜெர்மன் வகைகளையும் கலந்து, கடல் உப்பும், எலுமிச்சைச் சாறும், அரபு நாடுகளில் பிரியாணிக்குப் போடும் காய்ந்த கறுப்பு எலுமிச்சையும் சேர்த்தது. 2019-இல் அந்த ஆலை சாமுவேல் ஆடம்ஸ் காய்ச்சும் பாஸ்டன் பீர் கம்பெனியோடு சேர்ந்துவிட்டது. அவர்கள் வண்டி போகாத செயின் ரெஸ்டாரன்ட் ஏது?

சின்ன ஆலைகள் காய்ச்சும் கிராஃப்ட் பீரின் ரசிகர்களில் ஒரு கூட்டம் செயின் ரெஸ்டாரன்ட் என்றாலே முகம் சுளிக்கும். மூலையில் கார் ஷெட் மாதிரி இருக்கிற ஆலைக்குப் போய் நின்றுகொண்டே குடித்தால்தான் பீர் என்பார்கள். எனக்கு அந்த வாதம் பிடிபட்டதே இல்லை. குழந்தைகளுக்கு மேசையில் வரைய கிரேயான் கொடுக்கிற இடத்தில், உட்கார நாற்காலியோடு, ஐந்நூறு வருடப் பழைய சமாச்சாரம் ஒன்று கிடைக்கிறது. அங்கே வருகிற நூறு பேரில் தொண்ணூறு பேர் லைட் பீர்தான் சொல்வார்கள். பட்டியலின் அடியில் இருக்கும் ஒன்றிரண்டு விசித்திரங்கள் மீதிப் பத்துப் பேருக்காக. அந்தப் பத்தில் நீங்களும் சேர்ந்துவிட்டீர்கள். அடுத்த தடவை அதோடு வெங்காய ரிங்ஸோ மீன் வறுவலோ சொல்லிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கைப் புளிப்பு வழித்து எடுத்துவிடும். பிட்சாவுக்குத்தான் அது ஒத்துவராது; தக்காளி சாஸும் புளிப்பு, இதுவும் புளிப்பு.

கேள்வி: பிட்சா விற்கிறவர்கள் சொந்தமாக பீரும் காய்ச்சுகிறார்களே, அது நிஜமா, இல்லை எங்கேயோ வாங்கி லேபிள் மாற்றுகிறார்களா? – வி., ப்ளேனோ

பதில்: இரண்டும் நடக்கிறது. அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு போனபோது பெரும்பாலான மாநிலங்கள் மூன்று தட்டு வைத்துச் சட்டம் போட்டன. காய்ச்சுகிறவர் ஒருவர், வாங்கி விநியோகிப்பவர் ஒருவர், கடையில் விற்பவர் ஒருவர். ஒரே ஆள் மூன்றையும் செய்யக் கூடாது. ஆலைக்காரர்கள் சாராயக் கடைகளைக் கைக்குள் போட்டுக்கொண்டு ஊரைக் குடிக்க வைத்தார்கள் என்ற பழைய கோபம்தான் காரணம். இதனால் சமையலறைக்குப் பக்கத்தில் கொப்பரை வைத்து, காய்ச்சியதை அங்கேயே ஊற்றிக் கொடுக்கிற கடை ஐம்பது வருடம் கிடையாது. வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில் பெர்ட் கிராண்ட் என்பவர் 1982-இல் அப்படி ஒன்றைத் திறந்தார். கலிஃபோர்னியா அதே வருடம் சட்டத்தைத் தளர்த்தியது. 1983-இல் ஹாப்லாண்ட் என்ற சின்ன ஊரில் மெண்டசீனோ ப்ரூயிங் கடை திறந்தது. ஹாப்ஸ் விளைந்த ஊர் என்பதால் ஊருக்கே அந்தப் பெயர்.

அதற்கு அப்புறம் வரிசையாக வந்தார்கள். பாலோ ஆல்டோவில் 1988-இல் கார்டன் பியர்ஷ். அதைத் தொடங்கிய இருவரில் டான் கார்டன் மியூனிக் பக்கம் வைஹென்ஷ்டெஃபானில் பீர்ப் பொறியியலே படித்துவிட்டு வந்தவர். பூண்டு போட்ட அவர்களுடைய உருளைக்கிழங்கு வறுவல் பீரை விடப் புகழ் பெற்றது, சான்ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் மைதானத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். அந்த ரெஸ்டாரன்ட்டுகளை வைத்திருந்த கம்பெனி 2020-இல் திவாலாகி, நிறையக் கிளைகள் மூடிப்போயின. உங்கள் டெக்சாஸில் கிளை மேல் கிளையாக இருக்கும் பி.ஜே.'ஸ், 1978-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் வெறும் பிட்சாக் கடையாக ஆரம்பித்தது. பீர் காய்ச்ச ஆரம்பித்தது 1996-இல், ப்ரேயா என்ற ஊரில். இன்று எல்லாக் கிளையிலும் கொப்பரை கிடையாது. சில இடத்தில் காய்ச்சி மற்றக் கிளைகளுக்கு அனுப்புகிறார்கள், வெளி ஆலைகளிலும் தங்கள் செய்முறையில் காய்ச்சி வாங்குகிறார்கள். செய்முறை அவர்களுடையதாக இருந்து, பீர் புதுசாக இருந்தால், கொப்பரை எந்த ஊரில் இருந்தால் என்ன? கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று நிற்கும் பித்தளைப் பாத்திரத்தைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள். அதில் சிலது வெறும் அலங்காரம்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பீர் பார்லியில் செய்வதுதானே, கவலைப்பட ஒன்றுமில்லை என்று என் கணவர் சொல்கிறார். சரிதானா அக்கா? – கே., எடிசன்

பதில்: முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியைச் சொல்லிவிடுகிறேன், வீட்டில் சண்டை வந்தால் என்னைச் சொல்லாதீர்கள்.

பீரைத் தெளிய வைக்க ஒரு பழைய பொருள் உண்டு. மீனின் காற்றுப்பையைக் காயவைத்து எடுக்கும் பசை, 'ஐசிங்லாஸ்' என்பார்கள். கலங்கலைப் பிடித்துக்கொண்டு அடியில் உட்காரும். கிளாஸுக்கு வருவது துளி என்றாலும் சைவம் சைவம்தானே. இங்கிலாந்தில் பீப்பாயிலிருந்து நேரே ஊற்றும் பீர்களில் இது இன்னும் சகஜம். கின்னஸ் 2015-இல் இதை விட்டுவிடப் போவதாக அறிவித்து, அப்புறம் வடிகட்டும் கருவிக்கு மாறிவிட்டது. அமெரிக்க ஆலைகள் பெரும்பாலும் இயந்திரத்தில் வடிகட்டுகின்றன, அல்லது கலங்கலாகவே விற்கின்றன. கலங்கலுக்குத்தான் இப்போது மவுசு. சிலர் ஜெலட்டின் போடுவதுண்டு, அது மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. ஸ்டவுட் என்பது கறுப்பு பீர். 'மில்க் ஸ்டவுட்' என்றால் பால் சர்க்கரை சேர்த்தது. சைவத்துக்குப் பரவாயில்லை, பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் தள்ளிப் போங்கள். 'ஆய்ஸ்டர் ஸ்டவுட்' என்று பட்டியலில் பார்த்தால் அது வெறும் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், பல சமயம் நிஜமாகவே சிப்பி போட்டுக் காய்ச்சியிருப்பார்கள்.

பீரை விட ஆபத்து பீரில் கலந்து கொடுப்பதில் இருக்கிறது. மெக்சிகன் ரெஸ்டாரன்ட்டில் 'மிச்சலாடா' என்று மிளகாய்ப்பொடியும் உப்பும் கிளாஸ் விளிம்பில் தடவிக் கொடுப்பார்களே, நம் ஆட்கள் ஆசையாக வாங்குவது. அதில் பல இடங்களில் ஊற்றுவது 'கிளமாட்டோ'. தக்காளிச் சாறு மாதிரி சிவப்பாக இருக்கும், உள்ளே சிப்பிக்கறிச் சாறு. கூடவே விடும் வூஸ்டர் சாஸில் நெத்திலி மாதிரிச் சின்ன மீன். கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இந்த மாதிரி ஒரு குடும்பப் பத்திரிகையில் பீரைப் பற்றி எழுதுவது நியாயமா? – வருத்தத்துடன் ஒரு வாசகி, சன்னிவேல்

பதில்: குடிக்கச் சொல்லி நான் யாரிடமும் சொல்லவில்லை. குடிக்கிறவர் என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து குடிக்கட்டும் என்கிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்துக் கோலத்துக்குப் போய்விடலாம். கோலம் நன்றாக வந்திருக்கிறது.

கேள்வி: ஒரு செயின் ரெஸ்டாரன்ட்டில் வாங்கிய அம்பர் பீர் புளித்தது, வெண்ணெய் வாசனையும் அடித்தது. சொன்னால், "கிராஃப்ட் பீர் அப்படித்தான்" என்று சாதித்துவிட்டார்கள். எதை நம்புவது? – எம்., அட்லாண்டா

பதில்: பட்டியலை நம்புங்கள். கோஸா, பெர்லினர் வைஸ், லாம்பிக், சவர் என்று எழுதியிருந்தால் புளிப்பு அதன் குணம். அம்பரிலோ லாகரிலோ ஐ.பி.ஏ.விலோ புளித்தால் அது நோய். பெரும்பாலும் பீப்பாயில் கோளாறு இருக்காது, பீப்பாயிலிருந்து குழாய் முனைக்கு வரும் பிளாஸ்டிக் பைப்பில் இருக்கும். உள்சுவரில் பாக்டீரியா பாசி மாதிரிப் படியும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரசாயனம் விட்டுக் கழுவ வேண்டும் என்பது தொழிலில் எழுதி வைத்த விதி. கழுவுகிறார்களா என்பது வேறு. அந்த வெண்ணெய் வாசனைக்கு டையசிடைல் என்று பெயர். மைக்ரோவேவ் பாப்கார்னின் வெண்ணெய் வாசனைக்கு முன்பெல்லாம் சேர்த்தது அதைத்தான். நாங்கள் ஆய்வுக்கூடத்தில் மோர் ரகங்களில் அதை வேண்டுமென்றே வரவழைப்போம். பீரில் வந்தால் கொட்ட வேண்டியதுதான்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் பீர் பழசு. பச்சைப் புட்டியில் வருவது சில சமயம் நாற்றமடிக்குமே, அது வெளிச்சம் பட்டு ஹாப்ஸ் மாறியதால். பழுப்புப் புட்டியும் டின்னும் அதைத் தடுக்கும்.

செயின் ரெஸ்டாரன்ட்டில் உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம், ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்பது. சின்னக் கிளாஸில் கொஞ்சம் ஊற்றித் தருவார்கள், பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. கூச்சப்படாதீர்கள், ஐஸ்கிரீம் கடையில் ஐந்து வகை ருசி பார்க்கிற ஜனங்கள்தானே நாம். உறைய வைத்த கிளாஸ் வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நாக்கு மரத்துப்போனால் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. கெட்டது தெரியாமல் இருக்கத்தான் சில இடங்களில் அப்படிக் கொடுக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கேள்வி: மாமனார் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார். சாயங்காலம் ஒரு பீர் குடிப்பார், நல்ல மனிதர். ஐ.பி.ஏ. வாங்கிக் கொடுத்தால் "வேப்பங்கொழுந்தைக் கரைச்ச மாதிரி இருக்கும்மா" என்கிறார். வெளியே சாப்பிடப் போகும்போது அவருக்கு என்ன சொல்லலாம்? கோஸா சொல்லலாமா? – பெயர் வேண்டாம், சியாட்டில்

பதில்: கோஸா வேண்டாம் அம்மா. ஊரில் 'ஸ்ட்ராங்' என்று விற்கும் பீரில் ஆல்கஹால் 8 சதவீதம் வரை போகும். கோஸாவில் அநேகமாக நாலு, நாலரைதான். உப்பும் புளிப்புமாக அதைக் குடித்துவிட்டு, மருமகள் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தாலும் நினைப்பார்.

முதலில் ஹெஃபெவைஸன் சொல்லுங்கள். கோதுமை பீர், கலங்கலாக, உயரமான கிளாஸில் வரும், கசப்பே தெரியாது. வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். இரண்டையும் யாரும் போடுவதில்லை, அந்த ஈஸ்ட் நொதிக்கும்போது தானாக உண்டாக்கும் வாசனை. இதை மாமாவிடம் குடிப்பதற்கு முன்னால் சொல்லாதீர்கள். அவரே "பழ வாசம் வருதே" என்று சொல்லட்டும். கொஞ்சம் வேகம் வேண்டும் என்பவராக இருந்தால், பி.ஜே.'ஸ் மாதிரி இடத்தில் ஜெரமையா ரெட். 7.3 சதவீதம், மால்ட்டின் இனிப்பு முன்னால் நிற்கும். ஒன்று போதும் அவருக்கு. அங்கே டடாங்கா ஸ்டவுட் என்று கறுப்பாக ஒன்று இருக்கிறது, 8.5. சாப்பாட்டுக்கு அப்புறம், சூடான குக்கி மேல் ஐஸ்கிரீம் வைத்துத் தருவார்களே, அதோடு நீங்களும் உங்கள் கணவரும் பகிர்ந்துகொள்ள அது சரியாக இருக்கும்.

கேள்வி: ஒரு பீர்தானே என்று குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறார்கள் என் அறை நண்பர்கள். எச்-1பி விசாவில் இருக்கிறோம். பயமாக இருக்கிறது. – எஸ்., ஆஸ்டின்

பதில்: பயப்படுவது சரி. ரத்தத்தில் 0.08 சதவீதம் என்பது பெரும்பாலான மாநிலங்களின் வரம்பு, யூட்டாவில் 2018 கடைசியிலிருந்து 0.05. "ஒரு பீர்" என்று அரசும் மருத்துவரும் கணக்கு வைப்பது 12 அவுன்ஸ், 5 சதவீதம். நான் மேலே சொன்ன 8.5 சதவீத ஸ்டவுட்டை 16 அவுன்ஸ் கிளாஸில் குடித்தால் அது ஒன்றல்ல, இரண்டேகால். கிராஃப்ட் பீரில் மாட்டுகிறவர்கள் இந்தக் கணக்கில்தான் மாட்டுகிறார்கள். பட்டியலில் சதவீதம் போட்டிருக்கும். பெயருக்கு முன்னால் அதைப் படியுங்கள்.

விசா விஷயம் இன்னும் கடுமை. குடித்து ஓட்டியதாகக் கைது ஆனாலே, தீர்ப்பு வருமுன்பே, விசாவை வெளியுறவுத் துறை ரத்து செய்யலாம். 2015-லிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. அதற்காக உடனே நாட்டை விட்டுப் போகச் சொல்வது பொதுவாக வழக்கமில்லை, ஆனால் ஊருக்குப் போனால் திரும்பி வரப் புதிதாக விசா வாங்க வேண்டும், மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். தங்கை கல்யாணத்துக்குப் போனவன் அங்கேயே மாட்டிக்கொள்வான். ஏற்கெனவே யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் பத்திரிகைக்கு எழுதாதீர்கள், குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆகாதவர்கள் ஊபருக்குக் கொடுங்கள்.

கேள்வி: நீங்கள் போன வருடம் வீட்டில் பீர் காய்ச்சுவதாக எழுதியிருந்தீர்கள். கோஸாவை வீட்டில் செய்ய முடியுமா? பட்டேல் கடைத் தனியா போதுமா? – டி., சிகாகோ

பதில்: போதும் என்ன, அதுதான் வேண்டும். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது குண்டாக உருண்டையாக இருக்கும், கொஞ்சம் கீரை வாசனை. நம் கடைத் தனியா நீள்வட்டமாக, வெளிறிய நிறத்தில் இருக்கும். கசக்கி மோந்தால் ஆரஞ்சுத் தோல் வாசனை தூக்கும். பீர் காய்ச்சுகிறவர்கள் தேடிப்பிடித்து வாங்குவது இதைத்தான். வறுக்காதீர்கள். கை பழக்கத்தில் வாணலியில் போட்டுவிட்டால் அது சாம்பார்ப்பொடியாகிவிடும்.

சட்டப்படிப் பயமில்லை. ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்துப் போட்டது. தனி ஆளுக்கு வருடம் 100 காலன், இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு 200. விற்கத்தான் கூடாது.

ஐந்து காலனுக்குச் சொல்கிறேன். மால்ட்டில் பாதிக்குக் கோதுமை. சாறு எடுத்து ஒரு கொதி விட்டு, நாற்பது டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் கீழே ஆறவிடுங்கள். பாக்டீரியாவை விடுவதற்கு முன்னால் பாட்டிலில் விற்கும் லாக்டிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். (புளிப்பின் அளவு; எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5-க்குக் கொண்டுவாருங்கள். நிறையப் பேர் விட்டுவிடுகிற படி இது. அந்தப் புளிப்பில் நம் ஆள் வளருவான், கண்ட கிருமி வளராது. பாக்டீரியாவுக்குக் கடையில் விற்கும் லாக்டோபேசில்லஸ் பாக்கெட் நல்லது. தயிர் உறையும் போடலாம். எந்தத் தயிர் என்பதைப் பொறுத்துப் புளிப்பு முன்பின்னாக வரும். மேல்பரப்பில் காற்று படாமல் உணவுப் பிளாஸ்டிக் தாளைப் படிய விரித்து மூடி, சூடு குறையாமல் ஒரு நாள், ஒன்றரை நாள். பி.எச். 3.4 பக்கம் வந்ததும் அடுப்பை ஏற்றிவிடுங்கள். திறக்கும்போது புளித்த மாவு வாசனை வந்தால் நல்லது. குப்பைத்தொட்டி வாசனை வந்தால் வாய் வைக்காமல் கொட்டுங்கள், மனசு கேட்கவில்லை என்று மேலே காய்ச்சிக்கொண்டு போகாதீர்கள்.

பதினைந்து நிமிடக் கொதி, ஹாப்ஸ் பேருக்குக் கொஞ்சம். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒன்றிரண்டாக இடித்த தனியா இருபது கிராம். உப்பு பதினைந்து கிராமில் ஆரம்பியுங்கள், அயோடின் கலக்காத உப்பாகப் பாருங்கள். பீர் நொதித்து முடிந்ததும் ஒரு கிளாஸில் எடுத்து ருசி பார்த்து, போதவில்லை என்றால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கரைத்துச் சேர்க்கலாம். கூடிவிட்டால் எடுக்க வழியில்லை. ஈஸ்ட் எது வேண்டுமானாலும் சரி, அமெரிக்கன் ஏல் ஈஸ்ட் மலிவு. புளிப்பில் அது மெதுவாகத்தான் கிளம்பும், இரண்டு நாள் நுரையே வரவில்லை என்று எனக்குக் கடிதம் போடாமல் பொறுங்கள்.